கேட்டு வாங்கிய மழை

இன்று விடியும்போதே கொழும்பில் மழை. தேத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு கைபேசியைப் பார்த்தால், நம் பள்ளிக்கூடக் குழுவில் கனடாவில் இருப்பவள் ஒன்று அனுப்பியிருந்தாள். மழை நமக்குச் சொல்லித்தரும் வாழ்க்கைப் பாடங்கள் என்று தலைப்பு. குடை பிடித்த ஒரு குழந்தையின் படம். பொறுமையாக இரு, எல்லாருக்கும் கொடு, விழுந்தாலும் ஓடிக்கொண்டிரு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தது. கீழே நீங்கள் எல்லாரும் கைகூப்பியிருந்தீர்கள். அதற்கும் கீழே உங்களில் ஒருவர் எழுதியிருந்தார்: "உன்ர பெரியப்பா வெள்ளிக்கிழமையில சொல்லுற மழைப் பேச்சு மாதிரியே இருக்குது. அப்பிடி ஒரு மனுசர் இனிக் கிடையாது."

நான் பதில் போடவில்லை. தேத்தண்ணீர் ஆறிப்போனது. பிறகு உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். நமக்கெல்லாம் முடி நரைத்துப் பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இனியும் சொல்லாவிட்டால் சொல்வதற்கு ஆளிருக்காது.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது அந்த வீடு. உங்களுக்குத் தெரியும், வெள்ளிக்கிழமைகளில் கடலைக்கும் அவலுக்கும் வருவீர்கள். நீங்கள் பார்த்தது முன்பக்கம். பெரிய சாமியறை, ஊதுபத்தி வாசம், சுவர் நிறையப் படங்கள். பின்பக்கத்து இரண்டு அறைகளில் நாங்கள் இருந்தோம். அப்பா, பெரியப்பாவின் புறக்கோட்டைப் புடவைக்கடையில் வேலை செய்தார். தம்பியாருக்கு வேலையும் கொடுத்து வீடும் கொடுத்தவர் என்று பெரியப்பாவுக்கு ஊரில் நல்ல பெயர்.

எங்களுக்கும் பின்னால், வளவின் கடைசியில், பின்மதிலை ஒட்டி ஓடு போட்ட ஒற்றை அறை ஒன்று இருந்தது. அதில் தையல் அக்காவும் அவருடைய மகளும் குடியிருந்தார்கள். அக்காவின் கணவர் கப்பல் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடச் சட்டைகள், சேலைப் பிளவுசுகள் எல்லாம் அக்காதான் அந்த ஒழுங்கைக்குத் தைத்தார். மகளுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கலாம். வீட்டில் என்னைப் பெரியவள் என்றும் அவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டார்கள். முடிந்துபோன நூல்கட்டைகளை அவள் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தாள். மரத்தில் செய்த கட்டைகள். இப்போது அப்படி வருவதில்லை.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் மழை பொய்த்துவிட்டது. கொழும்பில் மழை இல்லாமல் போவதை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. குழாயில் காற்று மட்டும் சீறும். தண்ணீர்ப் பவுசர் வந்தால் ஒழுங்கை முழுக்க வாளிச் சத்தம். எங்கள் கிணற்றில் தண்ணீர் சேறாகிவிட, அம்மா துணியால் வடித்து வைப்பார். தண்டவாளக் கல்லெல்லாம் சுட்டது. கடற்காற்றில் உப்பு மட்டும் வந்து உதட்டில் ஒட்டியது.

பெரியப்பா மழைக்காகக் கூட்டுப் பிரார்த்தனை தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாத்திரம் இருந்தது ஒவ்வொரு பின்னேரமும் என்று ஆனது. ஹெவ்லொக் டவுனிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மழை கேட்கும் பாட்டைப் பெரியவர்கள் இழுத்து இழுத்துப் பாடுவார்கள். சின்னவள் வாசற்படியில் இருந்து பாடுவாள். உள்ளே வந்து உட்கார அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் அவளுடைய குரல் எல்லாருடைய குரலுக்கும் மேலே நின்றது. சுருதி எல்லாம் கிடையாது, நல்ல சத்தம்.

ஒருநாள் பெரியப்பா பாட்டை நிறுத்தச் சொன்னார். எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். சின்னவள் பயந்து எழுந்து நின்றாள்.

"இஞ்ச வா. முன்னுக்கு வந்து நிண்டு பாடு. குழந்தை கேட்டால் அவர் மறுக்கமாட்டார்" என்றார் பெரியப்பா.

அன்றிலிருந்து அவள்தான் முதலில் பாடினாள், மற்றவர்கள் அவள் பின்னால் பாடினார்கள். தையல் அக்கா வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து யன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார். கழுத்தில் அளவு நாடா தொங்கும். அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மழை வந்தது. பாடிக்கொண்டிருக்கும்போதே வந்தது. முதலில் தகரத்தில் கல் எறிந்ததுபோல ஒரு சத்தம், பிறகு பேச்சுக் கேட்காத அளவுக்கு இரைச்சல். பெரியவர்கள் அழுதார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பெரியப்பாவின் காலில் விழுந்தார். பெரியப்பா அவரைத் தூக்கிவிட்டு, "நானில்லை, எல்லாம் அவன்" என்றார். ஆனால் அடுத்த நாளே, மழையை வரவழைத்த வீடு என்று ஒழுங்கையில் கதையாகிவிட்டது. யார் சொன்னாலும் பெரியப்பா மறுக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

மழைப் பேச்சுகள் அதற்குப் பிறகுதான் தொடங்கின. நீங்கள் இன்றைக்கு நினைத்துப் பார்ப்பது அவற்றைத்தான். நன்றாகவே பேசுவார், அதை நான் மறுக்கமாட்டேன். கூரைப் பீலியைக் காட்டுவார். "பீலி அடைபட்டால் பெய்யிற தண்ணி தொட்டிக்கு வராது. மனம் அடைபட்டால் அருள் வராது." இன்னொருநாள், "மழை ஆள் பார்த்துப் பெய்யிறதில்லை. மாளிகைக்கும் குடிசைக்கும் ஒரே மழைதான்" என்றார். கேட்டிருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

எங்களுடைய பக்கத்தில் அம்மாவின் பாடங்கள் வேறு. நெருப்புப்பெட்டியை அரிசித் தகரத்துக்குள் வை. உப்புச் சாடியைத் தூக்கி மேலே வை. ஈரச் சட்டையை மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் விரி, ஆனால் மணம் பிடிக்காத தூரத்தில். நானும் சின்னவளும் காலி வீதிப் பக்கத்திலிருந்து வரும் வடிகானில் நூல்கட்டைகளை மிதக்க விட்டு, கடல் பக்கத்து வாயில் ஓடிப்போய்ப் பிடிப்போம். அவளுடைய கட்டை எப்போதும் முந்தி வரும். "நான்தானே மழையைக் கூப்பிட்டனான், அதுதான் எனக்கு உதவி செய்யுது" என்பாள். மழை அவளுக்குச் சொந்தம் என்று முழுதாக நம்பினாள். மறுக்க எனக்கும் ஒன்றும் இருக்கவில்லை. பெரியவர்கள் எல்லாரும் அதைத்தானே சொன்னார்கள்?

மழை விடவில்லை. கிணறு நிரம்பிக் கட்டு வரை வந்தது. கால்வாய்ப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் போனது. எங்கள் பின்மதிலுக்கு அந்தப் பக்கத்துக் காணியை வாங்கியவர், வீடு கட்டுவதற்காக லொறி லொறியாக மண் கொட்டி மதிலின் பாதி உயரத்துக்கு மேடாக்கி வைத்திருந்தார். அந்த மண் மழையைக் குடித்துக் குடித்து ஊதியது. பழைய மதில் எங்கள் பக்கம் வளைந்து வந்தது.

தையல் அக்கா இதைச் சொல்ல வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாமியறைக்குப் பளிங்கு பதித்துக்கொண்டிருந்தார்கள். வருகிற ஆட்களுக்கு இடம் போதவில்லை என்று பெரியப்பா அறையைப் பெருப்பித்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் மணலும் சீமெந்தும் தார்ச்சீலையால் மூடிக் கிடந்தன. அக்கா படிக்குக் கீழே நனைந்தபடி நின்றார்.

"ஐயா, பின்மதில் வயிறு தள்ளிக்கொண்டு நிக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ. இவங்கள் வேலையாக்கள் நிக்கேக்கையே ஒரு முட்டுக் குடுத்து விட்டால் காணும்."

பெரியப்பா சிரித்தார். கோபம் ஒன்றும் இல்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "பிள்ளை, இது நாங்கள் கேட்டு வாங்கின மழை. கேட்டு வாங்கினது எங்களுக்குக் கெடுதி செய்யுமே? உன்ர மகள் பாடி வந்த மழையில உனக்கே நம்பிக்கை இல்லாட்டி எப்பிடி? மழை விடட்டும், பார்ப்பம்."

அக்கா வெட்கப்பட்டுப்போனார். "இல்லை ஐயா, சும்மா சொன்னனான்" என்று திரும்பிப் போனார்.

அம்மா மதிலைப் பார்த்திருந்தார். எங்கள் துணிக்கொடி அந்தப் பக்கம்தான். அன்று பின்னேரம் அப்பாவிடம், "நீங்கள் அண்ணையிட்ட ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்றார்.

அப்பா நனைந்த சப்பாத்துக்குள் பேப்பரைக் கசக்கித் திணித்துக்கொண்டிருந்தார். "என்ர வீட்டில இருந்துகொண்டு என்ர மதிலுக்குக் குறை சொல்லுறியோ எண்டு கேப்பார். உனக்கு அது வேணுமே?"

அம்மா அடுத்த நாள் துணிக்கொடியை அவிழ்த்து முன்பக்கத்துக்கு மாற்றிக் கட்டினார்.

சில நாள் கழிந்து, வீதியெல்லாம் வெள்ளம் என்று எங்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் பெரியம்மா தையல் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். கலியாண வீட்டுக்குத் தைத்த பட்டுச் சட்டை கைப்பக்கம் பிடிக்கிறதாம். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம் எண்டு சொல்லு. ஈரக்காலோட புதுப் பளிங்கெல்லாம் மிதிச்சுப்போடும்" என்று என்னிடம் சொல்லி விட்டார். நான் போய்ச் சொன்னேன். சின்னவள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா கதவைச் சாத்திவிட்டுச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்.

பெரியம்மா கண்ணாடிக்கு முன்னால் நின்றார். அக்கா தையலைப் பிரித்து ஊசி குத்திக்கொண்டிருந்தார். குண்டூசிகள் அவருடைய உதடுகளுக்கு நடுவில். நான் குண்டூசி டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். அப்போது பின்னால் ஒரு சத்தம். பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. ஈரமான ஒன்று முழுப் பாரத்தோடு தரையில் உட்கார்ந்த மாதிரி. அதற்கு மேல் மழைதான் கேட்டது.

"என்ன அது?" என்றார் பெரியம்மா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா வாயில் ஊசிகளோடு ஓடினார்.

மதில் முழுதாக விழவில்லை. அறைக்கு நேரே இருந்த பகுதி மாத்திரம் விழுந்து, அதற்குப் பின்னால் இருந்த சேற்று மண்ணெல்லாம் கூரை ஓட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. அக்கா கையால் கிளறினார். ஒழுங்கையில் சைக்கிளில் பேக்கரிப் பாண் விற்றுக்கொண்டு வந்த சிங்களவர் சத்தம் கேட்டுச் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார். பளிங்கு வேலைக்காரர்கள் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். அம்மா என்னைப் பிடித்துச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிவிட்டார். மூடுமுன் கட்டிலின் ஒரு கால் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். பிறகு பாண்காரருடைய குரல்தான்.

"அனே, பொடி கெல்லெக் நே."

ஐயோ, சின்னப் பெண்பிள்ளையல்லவா என்று அவர் அழுதார். எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் அழத் தொடங்கியிருக்கவில்லை. அக்காவின் உதடு முழுக்க இரத்தம். ஊசிகள் வாய்க்குள் குத்தியிருந்தன. அவற்றை எடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அம்மாதான் ஒவ்வொன்றாக எடுத்தார்.

பொலிஸ்காரர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். பெரியப்பா கையை விரித்து வானத்தைக் காட்டி, "வெஸ்ஸ" என்றார். மழை என்று. பொலிஸ்காரரும் மேலே பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சின்னப் பிள்ளை என்றபடியால் எரிக்கவில்லை, பொரளை மயானத்தில் புதைத்தார்கள். அப்பா நனைந்து திரும்பி வந்து சேற்றுக் காலைக் கழுவினார். பிறகு அம்மாவிடம், "வெட்ட வெட்டத் தண்ணி ஊறிக்கொண்டு வந்தது. வாளியால அள்ளி ஊத்திப்போட்டுத்தான் இறக்கினது" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

முப்பத்தோராம் நாள் கிரியையைப் பெரியப்பா தன் செலவில் செய்தார். புதுப் பளிங்கில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தையல் அக்காவை முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள். வெளியே மெல்லிய தூறல். பெரியப்பா எழுந்து பேசினார். முதலில் குரல் வரவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டார். அது நடிப்பு இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"மழை எங்களுக்கு எத்தினையோ பாடம் சொல்லித்தருது. இந்தப் பிள்ளை மழையைக் கூப்பிட்டா. மழை வந்தது. வந்த மழை, கூப்பிட்டவளையே தன்னோட கூட்டிக்கொண்டு போயிட்டுது. இதைவிடப் பெரிய அருள் ஆருக்குக் கிடைக்கும்?"

ஆட்கள் விம்மினார்கள். கொட்டாஞ்சேனை வாத்தியார் பக்கத்தில் இருந்தவரிடம் அந்த வசனத்தைத் திருப்பிச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பெண்கள் பக்கம் அம்மாவின் மடியை ஒட்டி இருந்தேன். நல்ல சத்தமாகக் கேட்டேன்.

"பெரியப்பா, மழை இல்லையே? மதில்தானே விழுந்தது?"

 பெரியப்பா என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா என் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்பும் பிறகும் அம்மா என்னை அடித்ததே இல்லை. காது அடைத்துப் போனது. அந்த அடைப்போடு திரும்பிப் பார்த்தேன். முழுக் கூட்டத்திலும் தையல் அக்கா ஒருவர்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, நன்றியா என்று அந்த வயதில் எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

பின்னேரம் அடுப்படியில் அம்மா என்னை அணைத்துக்கொண்டு, "எங்களுக்குப் போக வேற வீடு இருக்கே?" என்றார். கேள்வி மாதிரிச் சொன்னார். 

மதிலைப் பெரியப்பா உடனே கட்டினார். கொங்கிறீட் தூண் போட்டு, அந்த ஒழுங்கையிலேயே இல்லாத உறுதியாக. அறையையும் திருத்தி வேறு குடித்தனம் வைத்தார். தையல் அக்கா எங்கள் அடுப்படிக்குப் பக்கத்துச் சாமான் அறைக்கு வந்தார். பெரியம்மாவுக்குத் தைத்தார், சாமிப் பாத்திரம் விளக்கினார், வெள்ளிக்கிழமைக் கடலையை ஊறப்போட்டார். ஆதரவில்லாத பெண்ணைக் கைவிடவில்லை என்று பெரியப்பாவை எல்லாரும் புகழ்ந்தார்கள். நூல்கட்டைகள் இருந்த பிஸ்கட் டின் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. மண்ணோடு அள்ளிக் கொட்டியிருப்பார்கள்.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் பெரியப்பா சின்னவளின் கதையைச் சொன்னார். கேட்க வருபவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். முதல் வருடங்களில் கதையில் மதில் இருந்தது. பிறகு மதில் "சரிந்தது", விழவில்லை. அதற்குப் பிறகு சின்னவள் கடைசியாகச் சொன்ன வார்த்தைகள் என்று ஒன்று சேர்ந்தது. தூக்கத்திலேயே போனவள் என்ன சொல்லியிருப்பாள்? நான் வளர்ந்துவிட்டேன், வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தையல் அக்கா முன்வரிசையில் இருந்தார். கதை முடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

நான் கலியாணம் கட்டிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இடையில் பல வருடங்கள் அந்த வெள்ளிக்கிழமைகளுக்கு நான் போகவில்லை. என் மூத்த மகளுக்குச் சின்னவளின் வயது வந்திருந்தபோது, அம்மாவுக்குச் சுகமில்லை என்று அவளையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். வெள்ளிக்கிழமை என்பதை மறந்துவிட்டேன். மழை. வாசல் நிறையக் கார்கள். உள்ளே பெரியப்பா, தளர்ந்துபோய்க் கதிரையில் இருந்தபடி கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

மழையைப் பாடி வரவழைத்த பிள்ளை, அந்த மழையிலேயே காய்ச்சல் கண்டு, தாயின் மடியில் தலை வைத்து, பாடிக்கொண்டே கண்ணை மூடினாள். அப்படித்தான் கதை இருந்தது. மதிலே இல்லை.

தெகிவளையிலிருந்து முதல்முறை வந்த ஒரு பெண் தையல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன காய்ச்சல் அம்மா? டொக்டர்மார் ஒண்டும் செய்யேலாமல் போச்சுதோ?" என்று கேட்டார்.

"ஓம் பிள்ளை. மழைக் காய்ச்சல்தான். மூண்டு நாள் கிடந்தவள்" என்றார் அக்கா.

நான் அடுப்படிக்குப் போய்க் காத்திருந்தேன். அக்கா வெறும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தார். தலை முழுக்க வெள்ளை. என் மகளைக் கண்டு சிரித்து, அவளுக்கு ஒரு பிடி கடலையைக் கையில் வைத்து விறாந்தையில் விளையாட அனுப்பினார். நான் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, ஏன் காய்ச்சல் எண்டு சொன்னனீங்கள்?"

அவர் தட்டுகளைத் தண்ணீருக்குள் வைத்தார்.

"அவர் அப்பிடிச் சொல்லத் தொடங்கிக் கனகாலம்."

"அவர் சொல்லுவார். மதிலைக் கட்டாமல் விட்டவர் அவர். நீங்களேன் சொல்லவேணும்?"

அக்கா கையைச் சேலையில் துடைத்தார். என்னைப் பார்த்தார். அந்த முப்பத்தோராம் நாளில் பார்த்த அதே பார்வைதான் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

"மதில் எண்டு சொன்னால், கட்டிலை மதிலடிக்கு இழுத்துப்போட்டது ஆர்? நான். அண்டைக்குக் காலமை மற்றப் பக்கம் ஓடு ஒழுகிச்சுது. பிள்ளை நனைஞ்சிடுவாள் எண்டு இழுத்தனான். மதில் தள்ளிக்கொண்டு நிண்டதைப் பார்த்துப்போட்டுத்தான் இழுத்தனான். ஐயா சொன்னவர் ஒண்டும் ஆகாது எண்டு. நானும் நம்பினனான்." ஒரு தட்டை எடுத்துக் கழுவினார். "காய்ச்சல் எண்டால் ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. நானும் இல்லை."

 அது உங்கள் பிழை இல்லை என்று சொல்ல நினைத்தேன். அத்தனை வருடங்களில் அந்த வீட்டில் யாராவது ஒருவர் அதை அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். ஒருவரும் சொல்லவில்லை. சொல்வதென்றால், பிழை யாருடையது என்றும் சொல்லவேண்டி வந்திருக்கும்.

முன்பக்கத்திலிருந்து பெரியம்மா கூப்பிட்டார்: "அங்க என்ன செய்துகொண்டு நிக்கிறாய்? இன்னும் ரெண்டு பேர் வந்திருக்கினம். அவைக்கும் பிள்ளையின்ர கதையை ஒருக்காச் சொல்லட்டாம்."

தையல் அக்கா ஈரக் கையால் தலையைத் தடவிச் சரிசெய்தார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டார்.

"இந்தா, வாறன்" என்று குரல் கொடுத்துக்கொண்டு வெளியே போனார்.